கம்பியில்லாப் பாலமும் கரும்புக்காடும்

"சிக்னல் வரவில்லை" என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை விதமான கோளாறுகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை, கணினிகளையும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உபகரணங்களையும் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டு, ஈரோட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் இத்தனை வருஷங்களைக் கழித்த பிறகும் என்னால் முழுவதுமாகக் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. மின்சாரம் போதாமல் இருந்தாலும் சிக்னல் வரவில்லை; கேபிளின் முனையில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் சிக்னல் வரவில்லை; இரண்டு பெட்டிகள் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாடினாலும் சிக்னல் வரவில்லை. உண்மையிலேயே ஆகாயத்தில் அலை பலவீனப்பட்டுப் போன சந்தர்ப்பங்கள், நான் பார்த்த அளவில், இவை எல்லாவற்றிலும் குறைவானவையே. ஆயினும் வீட்டுக்காரர்கள் முதலில் சந்தேகிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த அலையைத்தான்.

நான் இந்தத் தொழிலில் காலூன்றிய சமயத்தில், அதாவது 2005-ஆம் வருஷம் ஜனவரியில், பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் தன் பிராட்பேண்ட் இணையச் சேவையைத் தொடங்கியிருந்தது. விநாடிக்கு 256 கிலோபிட் என்பதே அப்போது பெரிய வேகமாகப் பேசப்பட்டது. அதே மாதத்தில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமலே உபயோகித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசாங்கம் விதி வெளியிட்டது. இந்த இரண்டு சம்பவங்களும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவையாக இருக்கலாம். ஆனால் என் போன்றவர்களுக்கு அவற்றின் சேர்க்கையே பிழைப்புக்கு வழி காட்டியது. தொலைபேசிக் கம்பி வந்து சேரும் வீடு ஒன்று, பிள்ளைகள் படிக்கும் வீடு இன்னொன்று என்ற ஏற்பாடு எங்கள் பக்கத்தில் சாதாரணம். பாகம் பிரித்துக்கொண்ட சகோதரர்கள் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிரே வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். அல்லது ஊருக்குள் ஒரு வீடும், வாய்க்காலுக்கு அப்பால் தோட்டத்தில் ஒரு சாளையும் இருக்கும். நடுவில் ரோடு போனால் கம்பி இழுக்கப் பஞ்சாயத்தில் கேட்க வேண்டும். அடுத்தவர் நிலம் இருந்தால் பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளியிடம் போய் நிற்க வேண்டும். ஆகவே "கம்பியில்லாமல் அந்தப் பக்கம் கொண்டு போக முடியுமா?" என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பச் சரித்திரமே மறைந்திருக்கும்.

இப்படி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குக் கம்பியில்லாமல் இணையத்தைக் கடத்தும் பெட்டிகளைத்தான் பிரிட்ஜ், அதாவது பாலம், என்கிறோம். அந்த ஆரம்ப காலத்துப் பாலங்கள் செய்த விசித்திரமான காரியம் ஒன்று உண்டு. மறுகரையில் பிரிட்ஜைப் பொருத்தி ஒரு கணினியை இணைத்தால் அற்புதமாக வேலை செய்யும். ஒரு ஸ்விட்ச் வைத்து இரண்டாவது கணினியை இணைத்த மாத்திரத்தில் அது மட்டும் ஊமையாக நிற்கும். சிலர் அந்தக் கணினியையே மாற்றினார்கள். சிலர் வைரஸ் என்றார்கள். காரணமோ வைஃபை ஏற்பட்ட விதத்திலேயே இருந்தது. காற்றில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் சாதாரணமாக மூன்று முகவரிகளே பயன்படுகின்றன. ரௌட்டர் தன்னோடு நேரடியாகக் கைகோத்துக்கொண்ட கருவிக்கு அனுப்பும்போது, அந்தக் கருவியின் முகவரியும் தன் முகவரியும் அனுப்பியவரின் முகவரியும் எழுதியானதும் இடம் தீர்ந்துவிடுகிறது. "இன்னார் வீட்டு மாடியில் குடியிருக்கும் இன்னாருக்கு" என்று தபாலில் எழுதுகிறோமே, அப்படி எழுதுவதற்கு நான்காவது ஒரு வரி வேண்டும். அந்த வரி நியமத்தில் இருக்கத்தான் செய்கிறது. டபிள்யூ.டி.எஸ். என்ற பெயரில் அதை எப்படி உபயோகிப்பது என்பதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. எனவே ஒரு கரையில் ஒரு கம்பெனியின் பெட்டியும் மறுகரையில் வேறு கம்பெனியின் பெட்டியும் வைத்துவிட்டு, அட்டையில் இரண்டிலும் டபிள்யூ.டி.எஸ். என்று அச்சிட்டிருக்கிறதே என்று நியாயம் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு கரையிலும் ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே மாடல் என்பது அந்நாளில் நான் பிடித்துக்கொண்ட விதி. இன்றைக்கும் அதைத் தளர்த்தவில்லை.

சில பெட்டிகள் இந்தச் சங்கடத்தைத் தந்திரமாகச் சமாளித்தன. பின்னால் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் தன் முகவரியையே போட்டு அனுப்பி, பதில் வந்ததும் பிரித்துக் கொடுத்தன. அவற்றோடு வேறு ஒரு புதிர் பிறந்தது. கையால் ஐபி எண் கொடுத்தால் இணையம் வரும். தானாக எண் வாங்கிக்கொள்ள விட்டால் வராது. தானாக எண் கேட்கும் கணினி, தன் சொந்த முகவரியை விண்ணப்பத்தின் உள்ளே எழுதி அனுப்புகிறது; மோடமோ பதிலை அந்த முகவரிக்கே நேராக அனுப்ப எத்தனிக்கிறது; அப்படி ஒருவர் தன்னிடம் கைகோக்கவில்லையே என்று வைஃபை அதைக் கீழே போட்டுவிடுகிறது. கணினியின் திரையில் 169.254 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்தால், கேட்டுக் கேட்டுக் களைத்து அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்த பிறகு மொட்டை மாடிக்கு ஏறி ஆண்டெனாவைத் திருப்புகிறவர் தொழில் தெரிந்தவர் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற நீல நிற ரௌட்டரின் பிரஸ்தாபம் இல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுவது நன்றிகெட்ட காரியமாகும். லின்க்ஸிஸ் கம்பெனி 2002-ஆம் வருஷக் கடைசியில் கொண்டுவந்த அந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்து, அதன் மூல நிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. அதன் பின் உலகமெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி என்று புதிய மென்பொருள்களை எழுதி அந்தச் சாமான்யப் பெட்டியைப் பெரிய விலைக் கருவிகள் செய்யும் வேலையைச் செய்ய வைத்துவிட்டார்கள். 5-ஆம் பதிப்பில் கம்பெனி நினைவகத்தைக் குறைத்து லினக்ஸையும் எடுத்துவிட்டபோது, வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பழையபடி லினக்ஸோடு 'ஜிஎல்' என்று ஒரு மாடல் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சாக்லேட்டுக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கிய காலம் அது.

பவானிப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நேர்ந்த விவகாரத்தை இங்கே சொல்ல வேண்டும். முன் வீட்டில் அவரும், பின் வீட்டில் மகனும் குடியிருந்தார்கள். மகன் வீட்டில் விளக்கு எரியத் தொடங்கினால் தகப்பனார் வீட்டில் இணையம் நின்றுவிடும். மகன் வெளியூர் போயிருந்தால் யாதொரு தொல்லையும் இல்லை. இது இரு வீட்டுக்கும் இடையே மனஸ்தாபமாக வளர்ந்து, "அவன் வேண்டுமென்றே ஏதோ பண்ணுகிறான்" என்ற அளவுக்கு வந்துவிட்டது. நான் பிரிட்ஜைத் தொடவில்லை. முன் வீட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து 192.168.1.1 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்பிக்கொண்டே, அந்த எண்ணுக்கு எதிரே உள்ள, பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் மேக் முகவரியை எழுதி வைத்துக்கொண்டு, பின் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கச் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்குள் எண் அப்படியே இருக்க, முகவரியின் கடைசி ஆறு இலக்கங்கள் மாறிவிட்டன. மோடமும் 192.168.1.1, மறுகரைக்காக மகன் கடையில் வாங்கி வந்த பெட்டியும் பிறக்கும்போதே 192.168.1.1. போதாததற்கு இரண்டுமே வீட்டிலுள்ள கருவிகளுக்கு எண் வழங்கும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்திருந்தன. பின் வீட்டுப் பெட்டிக்கு 192.168.1.2 என்று எண் கொடுத்து, எண் வழங்கும் வேலையையும் அதனிடமிருந்து பறித்த பிறகு, இணையமும் சரியாயிற்று, பேச்சு வார்த்தையும் சரியாயிற்று. இந்தக் கோளாறு இன்றைக்கும் வாரந்தோறும் எங்காவது ஒரு வீட்டில் என்னை எதிர்கொள்கிறது.

பின்னர் 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. உள்ளங்கை அகலத்தில், ஜிஐ பைப்பில் கட்டிவிடக்கூடிய வெள்ளைப் பெட்டிகள். ஆண்டெனா உள்ளேயே அடங்கியிருக்கும். மின்சாரம் லேன் கேபிள் வழியாகவே மேலே போகும். 2018-ஆம் வருஷம் அக்டோபரில் இந்த அலைவரிசையின் பெரும்பகுதியும் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. அதற்குள் வீட்டுக்காரர்களின் தேவையும் உருமாறிவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகக் கேட்டவர்கள் இப்போது தோட்டத்து மோட்டார் அறையில் கேமரா வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு விவசாயி வீட்டிலிருந்து வந்த அழைப்பு என் அனுபவத்தில் தனி இடம் பெறத்தக்கது.

வீட்டுக்கும் தோட்டத்துச் சாளைக்கும் சுமார் 400 மீட்டர். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 12 அடி உயரத்தில் பெட்டிகள். வேறொருவர் அமைத்துக் கொடுத்த பாலம். "ஏனுங்க, வெடியால எந்திரிச்சு பாத்தா கேமரா வரமாட்டேங்குதுங்க, வெயில் ஏறினதுக்கு அப்பறம் தானா வந்துருதுங்க" என்றார் அந்தப் பெரியவர். இப்படி நேரம் குறித்துச் சொல்லும் வாடிக்கையாளர் கிடைப்பது பாக்கியம். போன வருஷமும் இதே உபத்திரவம் இருந்ததாகவும், மார்கழியில் பெட்டியைப் புதிதாக மாற்றியதும் சரியாகிவிட்டதாகவும், இப்போது அந்தப் புதுப் பெட்டியும் கெட்டுவிட்டதாகவும் கூறினார். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கத்துப் பெட்டி பளிச்சென்று தெரிந்தது. "கண்ணுக்கே தெரியுதுங்களே, நடுவுல ஒண்ணுமே மறைக்கலீங்களே" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில், மாடியை விடத் தாழ்வாக, பச்சைப் பசேலென்று கரும்புக்காடு அலையடித்துக்கொண்டிருந்தது.

கண்பார்வை நேர்கோட்டில் போகிறது; ரேடியோ அலைக்கு அந்தக் கோடு மட்டும் போதாது. இரு முனைகளிலும் குறுகி, நடுவில் பருத்த ஒரு வெற்றிடம் அதற்குத் தேவை. பிரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் அந்தப் பிரதேசம், 5.8 கிகாஹெர்ட்ஸில் 400 மீட்டர் தூரத்துக்கு நடுமத்தியில் கோட்டின் எல்லாப் பக்கமும் ஏழரை அடி வரை பரவியிருக்கும். அதில் பத்தில் ஆறு பங்காவது தடையின்றி இருந்தால்தான் பாலம் திடமாக நிற்கும். அதாவது 12 அடி உயரத்தில் போகும் கோட்டுக்குக் கீழே நாலரை அடிக்குமேல் காலியாக இருக்க வேண்டும். தையில் நட்ட கரும்பு ஆவணியில் பத்தடியை எட்டிவிட்டது. அதன் தோகையில் விடியற்காலையில் பனி படிந்து நனைந்திருக்கும்போது அலையை உறிஞ்சிவிடும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பதிவான சிக்னல் அளவு காலையில் மைனஸ் 84 டிபிஎம், நண்பகலில் மைனஸ் 71. என் அளவுகோலில் மைனஸ் 50-க்கும் 65-க்கும் இடைப்பட்டது ஆரோக்கியம். 75-க்குக் கீழே போனது எந்த நேரமும் படுத்துவிடும். போன மார்கழியில் பெட்டி மாற்றியவருடைய சாமர்த்தியம் என்னவென்றால், ஆலைக்குக் கரும்பு வெட்டிய வாரத்தில் வந்து சேர்ந்ததுதான். பைப்பை இரு பக்கமும் பத்தடி உயர்த்தினோம். பழைய பெட்டியையும் தூசி தட்டி மாட்டிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதைப் பெரியவரிடமே கொடுத்து, அடுத்த தடவை இடி விழுந்தால் உதவும் என்று சொல்லி வந்தேன்.

தென்னந்தோப்புக்கு ஊடே பாலம் போடுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. போடக்கூடாது, அவ்வளவுதான். காற்றில்லாத நேரத்தில் ஒரு மட்டைக்கும் இன்னொரு மட்டைக்கும் இடையே சந்து கிடைத்து வேலை செய்வதைப் பார்த்துப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், ஆடிக் காற்றில் போன் அடித்தபடியே இருக்கும்.

இரவில் மட்டும் படுத்துக்கொள்ளும் பாலங்கள் வேறு ஜாதி. சத்தியமங்கலம் மார்க்கத்தில் ஒரு பங்களாவில், சாயங்காலம் ஆறரை மணி வரை கேமராவும் பிரிட்ஜும் சௌக்கியமாக இருந்து, இருட்டியதும் நிமிஷத்துக்கொரு தரம் அணைந்து அணைந்து எழுந்தன. பேய் பிசாசு என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து, நெடுந்தூரக் கேபிள் வழியாக மின்சாரம் போயிற்று. இருட்டியதும் கேமரா தன் இன்ஃப்ராரெட் விளக்குகளை ஏற்றுகிறது. அப்போது அது இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. கேபிளில் மின்னழுத்தம் சரிகிறது. பிரிட்ஜ் மயங்கி விழுகிறது. அது விழுந்ததும் பாரம் குறைந்து மறுபடி எழுகிறது. கேபிளின் முனையை நறுக்கி, ஒரு கம்பியின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் மேலே ஒரு பூச்சு மாத்திரம். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலையில் பாதிக்குக் கிடைக்கும், மின்தடை அதிகம், கிரிம்ப் செய்த இடத்தில் நாளாவட்டத்தில் தளர்ந்துபோகும். முழுச் செம்புக் கேபிள் இழுத்த பிறகு பேய் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. வாங்கும்போதே கத்தியால் சுரண்டிப் பாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. கடைக்காரர்கள் சிலர் இதனால் என்மேல் வருத்தம் கொண்டிருக்கிறார்கள்.

நடுவில் சில சில்லறை விஷயங்கள். ஒரு பெட்டியை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் கட்டினால், ஒற்றைத் தளத்தில் இயங்கும் கருவிகளில் 20 டெசிபெல் வரை நஷ்டமாகும். பார்வைக்கு இரண்டும் நேராகத்தான் நிற்கும். சேனலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டுவிட்டால், 52-க்கு மேற்பட்ட சில சேனல்களில் ராடார் போன்ற ஏதோவொன்று கேட்டதென்று பெட்டி பதறி விலகும். புதிய இடத்தில் பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு மௌனமாக இருக்கும். வீட்டுக்காரர் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் "அப்பப்ப கட் ஆகுது" என்கிறார். இன்னொன்று: பாலமும் இருந்து, என்றோ இழுத்துப் போட்ட கேபிளும் இரு வீட்டையும் இணைத்துக்கொண்டிருந்தால், ஒரே பொட்டலம் வட்டமடித்து வட்டமடித்துப் பெருகி எல்லாவற்றையும் முழுக்கிவிடும். ஸ்விட்சில் உள்ள அத்தனை விளக்குகளும் ஒரே கதியில் வெறிபிடித்தாற்போல் சிமிட்டுவதே அதன் லக்ஷணம். பெயர் தெரியாத அந்தக் கேபிளைப் பிடுங்கினால் போதும்.

ஐப்பசி மழையும் சித்திரை இடியும் எங்களுக்கு அறுவடைக் காலம் என்று சொன்னால் கல் மனசு என்பார்கள். இருந்தாலும் உண்மை அதுவே. மின்னல் நேராகப் பெட்டியின்மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் கேபிள் வழியே ஏறி லேன் போர்ட்டைத் தின்றுவிட்டுப் போகும். பெட்டியில் வைஃபை விளக்கு எரியும், லேன் விளக்கு மட்டும் எரியாது. மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேரே பெட்டிக்குள் இறங்காமலிருக்க, நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, அதன் அடியில் சொட்டும்படி செய்ய வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, பத்துப் பேரில் ஒருவர்கூடச் செய்வதில்லை. எறும்புகள் வேறு. பெட்டிக்குள் இருக்கும் இளஞ்சூட்டுக்கு முட்டைகளோடு குடிபுகுந்துவிடும். கேபிள் நுழையும் துவாரத்தை மூடும் ரப்பர் மூடியைத் தேவையில்லை என்று எறிந்துவிடுகிறவர்களே இதற்குப் பொறுப்பு.

இக்காலத்தில் மெஷ் என்று மூன்று உருண்டைகளை ஒரே பெட்டியில் விற்கிறார்கள். போனில் ஒரு செயலியைத் திறந்தால் அதுவே எல்லாம் அமைத்துக்கொள்கிறது, சந்தோஷம். ஆனால் கோளாறு வந்தால் அந்தச் செயலி "இணைப்பு பலவீனமாக உள்ளது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. டெசிபெல்லைக் காட்டினால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள் போலும். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டரில் வேகம் பாதியாகத்தான் செய்யும் என்பதையும் எந்த அட்டையிலும் அச்சிடுவதில்லை. சீமை ஓட்டுக் கூரையும் ஒன்றரை அடி மண்சுவரும் உள்ள பழைய வீடுகளில் இந்த உருண்டைகள் படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

என் தீர்மானமான அபிப்பிராயத்தைக் கேட்டால், கம்பி இழுக்க வழியுள்ள இடத்தில் கம்பியில்லாப் பாலம் போடவே கூடாது. இரு வீடுகளுக்கு நடுவே குழி தோண்ட முடியுமானால், ஒரு குழாயைப் புதைத்து, உலோகம் கலவாத கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டுவிடுங்கள். அதில் மின்னல் ஏறாது, கரும்பு மறைக்காது, எறும்பும் குடியேறாது. சாமானின் விலை முன்போல் இல்லை. முனையை இணைத்துக் கொடுக்கும் ஆட்கள் தாலுகா ஊர்களிலேயே கிடைக்கிறார்கள். நடுவில் ரோடோ வாய்க்காலோ பங்காளியோ இருந்தால் மட்டும் பாலத்தை நாடுங்கள்.

பாலம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நின்றுவிட்ட நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மழையா, காற்றா, கரண்ட் போய் வந்ததா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இரு கரைப் பெட்டிகளின் ஐபி எண்களையும், உள்ளே நுழையும் கடவுச்சொல்லையும் ஒரு காகிதத்தில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அந்தக் காகிதம் இருக்கும் வீட்டில் என் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இல்லாத வீட்டில் முதல் ஒரு மணி நேரம் கடவுச்சொல்லைத் தேடுவதிலேயே போகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் நான் கூலி வாங்குகிறேன்.